சத்தத்துக்கு நிறம் மாறும் ஆப்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம், காது கேளாத பிள்ளைகளின் பேச்சுப் பயிற்சிக்கு ஆப் செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் வாங்கி வருகிறார். நாங்கள் 15,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பெயர் போடப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார் என்று தெரிந்தாலே அடுத்தவர் தப்பிக்கலாம்.

அக்கா மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்து, பேச்சுப் பயிற்சி நடக்கிறது. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒன்று கத்துவாள், இல்லாவிட்டால் முணுமுணுப்பாள். மெதுவாகப் பேசினால் திரை நீலம், சரியான அளவு என்றால் பச்சை, கத்தினால் சிவப்பு. கண்ணால் பார்த்தே குரலைச் சரிசெய்துகொள்ளலாம். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

ஆப் வந்தது. "அம்மா" என்றாள், திரை பச்சையானது. வீடே பூரித்துப்போனது. அப்புறம் ஒரு மத்தியானம், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறாள், ஆப்பை மூடாமல் மேசையில் வைத்த போன் நீலம், பச்சை, சிவப்பு என்று தன்பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அக்காதான் பார்த்தது. செட்டிங்ஸைத் திறந்தால், தொடர்பு எண்களுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி வாங்கியிருக்கிற ஆப், மைக் அனுமதியே கேட்கவில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். அதுவும் இல்லை. சத்தத்தைக் கேட்காமலேயே நிறத்தை ஓடவிட்டிருக்கிறார். அத்தனை நாளும் அந்தப் பொய் நிறத்தைப் பார்த்துத்தான் பிள்ளை தன் குரலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். போன பணத்தைவிட இதுதான் எங்களுக்கு ஆறவில்லை.

கேட்டதற்கு, "அது டெமோ அக்கா. மீதியைப் போட்டுவிடுங்க, ஒரிஜினலை அனுப்பிடுறேன்" என்றார். மீதியும் போனது. இந்த முறை மைக் வேலை செய்தது. ஆனால் சாதாரணமாகப் பேசினால் எப்போதும் நீலம், கை தட்டினால் மட்டும் சிவப்பு. வாசலில் நின்றால் கடல்காற்று மைக்கில் அடித்து, யாரும் பேசாமலே சிவப்பு. ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் திரை படபடவென்று மின்னியது. நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் திரை வலிப்பு உள்ள சிலருக்கு ஆபத்து என்பதுகூட, பிள்ளைகளுக்கு ஆப் செய்கிறவருக்குத் தெரியவில்லை.

கணினி படிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர், தானே சின்னதாக ஒன்று எழுதிப் பார்த்து விளக்கினார். ஆண்ட்ராய்டில் சத்தத்தின் உச்சம் 0 முதல் 32767 வரை ஓர் எண்ணாகக் கிடைக்கும். அதை அப்படியே மூன்று பங்காக்கி நிறம் கொடுத்தால் பேச்செல்லாம் முதல் பங்கிலேயே அடங்கிவிடும். காது அப்படிக் கேட்பதில்லை. மடக்கைக் (log) கணக்குப் போட்டு, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலாக மாற்ற வேண்டும். எண் பத்து மடங்கு கூடினால் 20 டெசிபல் கூடும். பிறகு அடுத்தடுத்து வரும் சில அளவுகளைச் சராசரி பார்த்து, நிறத்தை மெல்ல நகர்த்த வேண்டும். "துல்லியமான டெசிபல் காட்டும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். போனுக்குப் போன் மைக் வேறுபடும். அளவுக்கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாத எண் வெறும் உத்தேசம்தான். பயிற்சிக்கு அது போதும், ஆனால் அதைத் துல்லியம் என்று சொல்லிப் பணம் பறிக்கக் கூடாது.

ஆப் செய்தவரிடம் அதன் மூல நிரலை (சோர்ஸ் கோடு) கேட்டோம், தரவில்லை. இப்போது போனை எடுப்பதே இல்லை.

யாரிடம் செய்யக் கொடுத்தாலும், மைக் அனுமதியை அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். அப்போதும் நிறம் மாறினால் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே ஆளிடம் கொடுத்தவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.