பழைய மஸ்கெட்: பளபளப்பாக்குவதா, உள்ளபடி காப்பதா?

சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிச் சுடும் பழைய மஸ்கெட் (குழல் வாய்வழி மருந்திட்டு நிரப்பும் நீளத் துப்பாக்கி) கைக்கு வந்தால் இரண்டு வழிகள் உண்டு. துருவையெல்லாம் தேய்த்தெடுத்து, குழலைத் தாங்கும் மரக்கட்டைக்குப் புது மெருகு ஏற்றி, புதிதுபோல் ஆக்கலாம். அல்லது துரு பரவாமல் தடுத்து, அழுக்கை மட்டும் எடுத்து, மெழுகு பூசி வைக்கலாம். என்னிடமுள்ள இந்தியா பேட்டர்ன் பிரௌன் பெஸ்ஸுக்கு (பிரிட்டிஷ் படையின் பழைய மஸ்கெட் வகை) நான் இரண்டாவதைத்தான் செய்தேன்.

எந்த வழியானாலும் முதலில் குழலுக்குள் ஒரு மரக்கோலை விட்டு ஆழத்தை அளந்து, வெளியே வைத்து ஒப்பிடுங்கள். கோல் தீத்துளை (பொறி உள்ளே போக குழலின் பின்முனையில் உள்ள சிறு துளை) வரை போகாவிட்டால் உள்ளே வெடிமருந்தும் குண்டும் இருக்கலாம். கருமருந்து நூறாண்டு கழித்தும் வெடிக்கும். நீங்கள் நோண்டாமல் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

செலவு, நேரம் இரண்டிலும் மெழுகு வழிதான் இலகு, அதில் பேச ஒன்றுமில்லை. பளபளப்பு வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் வீரர்கள் குழலைத் தேய்த்துத் தேய்த்து மின்னவே வைத்திருந்தார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது பளபளப்பாக்கினால் போகும் இரும்பும், அதற்குப் பிறகு வரும் பராமரிப்பும். எரிந்த மருந்தின் உப்பு தீத்துளையைச் சுற்றி இரும்பை ஆழமாக அரித்திருக்கும். அந்தக் குழிகள் மறைய வேண்டுமானால் சுற்றியுள்ள இரும்பு முழுவதையும் குழியின் அடிவரை தேய்த்து இறக்க வேண்டும். குழலைச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாகக் குத்திய சோதனை முத்திரைகள் இருப்பதும் அந்தப் பின்முனையில்தான். பூட்டுத் தகட்டிலுள்ள (சுடும் பொறியமைப்பைத் தாங்கும் பக்கத் தகடு) கிரீடமும் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.’ எழுத்துகளும் அப்படித்தான், உப்புத்தாளுக்குத் தாங்காது. சரி, ஒருமுறை போனால் போகட்டும் என்றாலும் வேலை அதோடு முடிவதில்லை. மின்னும் வெற்று இரும்பு விரல் பட்ட இடத்திலேயே துருப்பிடிக்கும். மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி கொஞ்சம் இரும்பு போகும். பழுப்பேறி நிலைத்த இரும்புக்கு மேலே ஒரு மெழுகுப் பூச்சு போதும், எப்போதாவது புதுப்பித்தால் சரி. முத்திரை மங்கிய துப்பாக்கிக்கு விலையும் இறங்கும்.

செம்மஞ்சளாக உதிரும் புதுத் துருவை மட்டும் மெல்லிய எண்ணெயும் 0000 எண் கொண்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் கொண்டு மெதுவாக எடுத்தேன். அப்புறம் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) பூசினேன். கட்டையில் உப்புத்தாள் படவே கூடாது. மரம் தேய்ந்து இறங்கினால் பூட்டுத் தகடு துருத்திக்கொண்டு நிற்கும்.

முன்பே யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கிய துப்பாக்கிக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. சுடுவதற்காகச் சீரமைப்பதில் எனக்கு அனுபவமில்லை. கல் உரசும் எஃகு முகம் தேய்ந்திருந்தால் பொறி வராது, அதைத் திரும்பக் கடினப்படுத்த வேண்டும் என்ற அளவில்தான் தெரியும். சுட ஆசைப்படுபவர்களுக்கு, புதிதாகச் செய்த நகல் துப்பாக்கியைத்தான் சொல்வேன். உடைந்த திருகாணியை மாற்ற நேர்ந்தால் பழையதை எறியாமல், எங்கிருந்து எடுத்தது என்று எழுதித் துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள்.