ஷாட் டிவிஷனா, ஸ்டோரிபோர்டா? வசனமில்லாக் குறும்படத்துக்கு எது உதவும்?

வசனமே இல்லாத ஒரு குறும்படத்தை அண்மையில் எடுத்தோம். காட்சிகளை எழுத்தில் ஷாட் டிவிஷனாகப் பிரித்துக்கொள்வதா, ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் போட்டு ஸ்டோரிபோர்டாக வரைந்துகொள்வதா என்பதே படப்பிடிப்புக்கு முன் நான் முடிவு செய்ய வேண்டியிருந்த முதல் காரியம். நான் ஸ்டோரிபோர்டைத் தேர்ந்தெடுத்தேன். படத்தொகுப்பு முடிந்த பிறகும் அந்த முடிவில் மாற்றமில்லை.

ஷாட் டிவிஷனின் நன்மைகளை விளக்கத் தேவையில்லை. ஷாட் எண், அளவு (ஆள் சட்டகத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பது), கோணம், லென்ஸ், நடிகரின் செயல் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஒரே கேமரா நிலையிலிருந்து எடுக்கக்கூடியவற்றை ஒன்றுசேர்த்து உதவி இயக்குநர் அன்றைய வேலையைத் திட்டமிடலாம். இந்த வசதி ஸ்டோரிபோர்டில் கிடையாது.

ஆனால் எழுத்துப் பட்டியல் ஷாட்டுகளைத் தனித்தனியாகச் சொல்கிறதே தவிர, ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் எப்படி ஒட்டும் என்பதைச் சொல்வதில்லை. வசனமில்லாப் படத்தில் பொருள் பிறப்பதோ அந்த ஒட்டில்தான். ஓர் எடுத்துக்காட்டு: பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் காத்திருக்கிறார். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து வைட் ஷாட். அவர் பேருந்தைப் பார்க்கும் குளோஸ்-அப். பேருந்து வரும் லாங் ஷாட். பட்டியலில் இந்த மூன்று வரிகளிலும் எந்தக் குறையும் தெரியாது. வரைந்து பார்த்தால்தான், எதிர்ப்புறத்துக் கேமராவுக்குப் பேருந்து சட்டகத்தின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறது என்பதும், ஆகவே குளோஸ்-அப்பில் பெரியவரின் லுக், அதாவது பார்வைத் திசை, இடப்பக்கம் இருந்தாக வேண்டும் என்பதும் கண்ணில் படுகின்றன. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கேமராவை அவருக்குப் பின்னால் இருக்கும் கடைப்பக்கம் கொண்டுபோய்விட்டால், இமேஜினரி லைனை, அதாவது பெரியவருக்கும் பேருந்துக்கும் இடையே இருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்ளும் கோட்டை, தாண்டிவிடுகிறோம். லுக் வலப்பக்கம் திரும்பிவிடும். அடுத்த ஷாட்டில் பேருந்து இடமிருந்து வலமாக ஓடும்போது, பேருந்துக்காகக் காத்திருந்தவர், அதைத் தவறவிட்டுவிட்டு அது போன திசையைப் பார்ப்பவராகத் தெரிவார். ஒரு வசனம் இருந்தால் இந்தக் குழப்பத்தைச் சரிசெய்துவிடலாம். வசனமில்லாத இடத்தில் கதையே மாறிப்போகும்.

அளவு மாற்றத்துக்கும் இது பொருந்தும். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டும்போது, கேமரா கோணம் ஏறக்குறைய 30 டிகிரியாவது மாற வேண்டும், அல்லது அளவு தெளிவாக மாற வேண்டும். இல்லையேல் வெட்டு துள்ளும், அதாவது ஆள் சட்டென்று இடம் குதித்ததுபோல் தெரியும். 'மிட் ஷாட்' (இடுப்புக்கு மேல்), 'மிட் குளோஸ்' (மார்புக்கு மேல்) என்று எழுதும்போது இரண்டும் வேறு வேறாகத்தான் தோன்றுகின்றன. அருகருகே வரையும்போது இரண்டு கட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது உடனே தெரிந்துவிடும். அப்போதே ஒன்றை அடித்துவிடலாம், அல்லது கையை மட்டும் காட்டும் இன்செர்ட்டாக மாற்றலாம்.

ஸ்டோரிபோர்டுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் காரணம் 'எனக்கு வரைய வராது' என்பது. சத்யஜித் ராய் 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுமையான திரைக்கதைப் பிரதி இல்லாமல், தாமே வரைந்த படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு பணியாற்றினார் என்பதைப் படிக்கும்போது அந்தத் தயக்கம் கூடத்தான் செய்யும். அவர் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த தேர்ந்த ஓவியர். ஆனால் நமக்குத் தேவையானது ஓவியமன்று. படத்தின் விகிதத்தில், அதாவது 16:9 என்றால் 16 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் கொண்ட கட்டம், குச்சி மனிதன், மூக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் ஒரு கோடு, அசைவுக்கு ஓர் அம்புக்குறி ஆகியவை போதும். தலை சட்டகத்தில் எங்கே வெட்டுப்படுகிறது என்பதை மட்டும் கவனமாக வரைய வேண்டும்.

மாற்றம் செய்வது கடினம் என்ற இரண்டாவது காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது நோட்டில் வரைபவர்களுக்கே பொருந்தும். 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் இந்த முறை உருவானபோதே, தனித்தனித் தாள்களில் வரைந்து, பலகையில் குத்தி, வரிசையை மாற்றிப் பார்ப்பதுதான் அதன் அடிப்படையாக இருந்தது. அதே போல அட்டைக்கு ஒரு ஷாட் என்று வரைந்துகொண்டால், லொகேஷனில் ஒரு ஷாட்டைக் கைவிட நேரும்போது அந்த அட்டையை எடுத்துவிட்டு, அதன் இருபுறமும் நின்றவை இப்போது ஒட்டுகின்றனவா என்று பார்த்துவிடலாம். பட்டியலில் ஒரு வரியை அடிப்பது இதைவிடச் சுலபம். ஆனால் அடித்த பிறகு என்ன ஆகும் என்பதை அது காட்டாது. படப்பிடிப்பு நாளுக்கான பட்டியலை, அட்டைகள் உறுதியான பிறகு அவற்றிலிருந்து எழுதிக்கொள்வதே சரியான வரிசை என்று கருதுகிறேன்.

கைப்பேசியில் லொகேஷனைப் படமெடுத்து வரிசைப்படுத்துவதும் ஒரு வழி. வெளிச்சத்தையும் பின்னணியையும் அது உண்மையாகக் காட்டும். ஆனால் கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரையிலான வைட் லென்ஸுக்குச் சமம் என்பதால், 50 மி.மீ. லென்ஸில் எடுக்கப்போகும் ஷாட்டில் பின்னணி நெருங்கி நிற்பதை அதை வைத்து மதிப்பிட முடியாது.

நான் சொல்வதெல்லாம் சிறிய குழுவோடு, வசனமில்லாமல் எடுத்த அனுபவத்திலிருந்து வருவது. இரண்டு பேர் நீண்ட நேரம் பேசும் காட்சியில் மாஸ்டர் ஷாட்டும் (முழுக் காட்சியையும் காட்டும் ஷாட்) இருபக்கச் சஜஷன் ஷாட்டுகளும் (ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுபவை) போதுமென்றால், ஷாட் டிவிஷனே போதுமானதாக இருக்கலாம். நடிகர்களை ஒத்திகையில் சுதந்திரமாக நடமாடவிட்டு, அதைப் பார்த்த பிறகே கேமராவை வைக்கும் இயக்குநருக்கு ஸ்டோரிபோர்டு எவ்வளவு பயன்படும் என்பதை, அப்படிப் பணியாற்றியவர்களே சொல்ல வேண்டும்.