பிளக்கிலேயே கிடக்கும் டிரெய்லர்: ஆறு வருஷ பேட்டரி கணக்கு

ஃபீனிக்ஸில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கிற டிராவல் டிரெய்லருக்கு (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வருஷத்தில் பத்து மாதம் ஒரு வேலையும் கிடையாது. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பிளக்கைப் பிடுங்கவே வேண்டாம், பேட்டரியை சார்ஜ் செய்கிற கன்வர்ட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று விற்ற கடையில் சொல்லி அனுப்பினார்கள். நானும் நம்பினேன்.

முதல் கோடை கழிந்து செப்டம்பரில் பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், உள்ளே பிளேட்டுகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, விளிம்பெல்லாம் வெளுத்துக் கிடந்தன. தண்ணீர் விடுகிற லெட்-ஆசிட் வகை 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகள் இரண்டு, சேர்த்து 12 வோல்ட். இரண்டும் போச்சு.

மல்டிமீட்டரை வைத்தேன்: 13.8 வோல்ட். மறுநாளும் 13.8, அடுத்த வாரமும் அதேதான். வண்டியோடு வந்த அந்தப் பழைய கன்வர்ட்டருக்குத் தெரிந்தது அந்த ஒரே எண்.

120 வோல்ட் ஏசியை 12 வோல்ட் டிசியாக மாற்றுவதுதான் கன்வர்ட்டரின் வேலை. 45 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 45-ஐயும் பேட்டரிக்குள் திணித்துக்கொண்டே இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. கன்வர்ட்டர் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கிறது. எவ்வளவு கரென்ட் இழுப்பது என்பது பேட்டரியின் பாடு. 12.1 வோல்டில் பாதி காலியாக இருக்கும்போது மடமடவென்று இழுக்கும். நிறைய நிறைய அதன் வோல்டேஜும் ஏறுவதால் இடைவெளி குறைந்து கரென்ட் தானாகச் சுருங்கும். ஆனால் பூஜ்யமாகாது. நிறைந்த பிறகும் சன்னமாக ஓடுகிற அந்தக் கரென்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியே அனுப்புகிறது. ஒரு நாளில் தெரியாது, நாலு மாதத்தில் பிளேட் தெரியும்.

புதிய பேட்டரிகளோடு, பேட்டரியின் நிலைக்கேற்ப வோல்டேஜைத் தானாக மாற்றும் சார்ஜ் விசார்ட் உள்ள புரோக்ரஸிவ் டைனமிக்ஸ் 45 ஆம்பியர் கன்வர்ட்டர் மாட்டி ஆறு வருஷமாகிறது. க்வார்ட்ஸைட் பாலைவனத்தில் நாலு நாள் கரென்ட் இல்லாமல் தங்கிவிட்டு வந்து சொருகினால் 14.4 வோல்டில் தொடங்கும். சில மணி நேரம் கழித்து 13.6-க்கு இறங்கும். முப்பது மணி நேரம் யாரும் விளக்கு, ஃபேன் எதையும் பெரிதாகப் பயன்படுத்தாவிட்டால் 13.2. அதற்குப்பின் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் மட்டும் 14.4-க்குப் போய்த் திரும்பும். அடியில் தங்குகிற ஆசிட்டைக் கலக்கிவிடத்தான் அது. முதல் தடவை அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டு, இதுவும் கெட்டுவிட்டதென்று பதறிப்போனேன்!

பழையதில் மாதாமாதம் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். இதில் குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் போதும். கோடை வேறு கதை. வெயிலில் பேட்டரி சூடாகும்போது அதே 13.2 அதற்கு அதிகம். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.03 வோல்ட் குறைத்துக் கொடுக்க வேண்டும். என்னுடையதில் வெப்ப சென்சார் இல்லை, எனக்கு இருக்கும் ஒரே குறை இது. அதனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிடுவேன். ஜூலையில் சில வாரம் பிளக்கையே பிடுங்கி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றி வைப்பதுண்டு.

வயரையும் கவனியுங்கள். கன்வர்ட்டர் முனையில் 14.4 காட்டியது, பேட்டரியில் 13.9-தான் வந்தது. நடுவில் மெலிசான பழைய வயர். தடிமனாக மாற்றியபின், வெளியே தங்கும்போது பேட்டரியை சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் ஓட வேண்டிய நேரம் நன்றாகக் குறைந்தது.

லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கென்று செய்த கன்வர்ட்டரே வாங்குங்கள். ஆசிட்டைக் கலக்குகிற வேலை அங்கே தேவையே இல்லை.

போன வாரம், ஆசிட்டின் அடர்த்தியை வைத்து சார்ஜைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து செல்லில் 1.265, ஒன்றில் மட்டும் 1.240. ஆறு வருஷப் பேட்டரிக்கு மோசமில்லை. அந்த ஒரு செல்லின் மூடியில் மார்க்கரால் புள்ளி வைத்திருக்கிறேன்.