பொன்னாடை சரி, கேடயம் சொதப்பல்

மும்பை தாராவி 90 அடி சாலைக் கடை, பெயர் வேண்டாம். மார்ச் மூன்றாம் செவ்வாய், உலக சமூகப்பணி நாள். எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) காசநோய்க்காரர்களை ஆறு மாதமும் விடாமல் மாத்திரை விழுங்கவைத்த அக்காவுக்கு மரியாதை செய்ய ஒரு கேடயம், ஒரு பொன்னாடை. மொத்தம் 850 ரூபாய்.

மராத்தி எழுத்து பளிச். தமிழில் மட்டும் 'சமூகப் பனியாளர்'! இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936இல் தொடங்கிய ஊரய்யா இது. கேட்டால், "தமிழை யாருண்ணே உத்துப் பார்க்கப்போறா?" என்கிறான் பையன். மாற்ற இரண்டு நாளாம். விழாவோ அன்று சாயங்காலம். வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தோம்.

அக்கா படித்துவிட்டுச் சிரித்தார்: "இந்த வெயிலுக்குப் பனி நல்லதுதானே தம்பி!"

பொன்னாடைக்கு மட்டும் போகலாம். ஜரிகை குத்தவில்லை. அச்சு வேலை கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.