மூட்டு மாற்று சிகிச்சைக்காக வாங்கியவையும் வாடகைக்கு எடுத்தவையும்: நான்கு மாத மதிப்பீடு

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. கோபால்ட்-குரோமிய முழு மூட்டுக்கு அன்று வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதனால் மருத்துவமனை ரசீதில் மூட்டின் விலையைத் தனியாகப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. ஆனால் வீட்டில் பயன்படுத்தும் துணைப்பொருள்களின் விலை கடைக்குக் கடை மாறுகிறது. எது தேவை, எது வீண் என்று சொல்லுவாரும் இல்லை. ஆகவே நான் வாங்கியவற்றையும் வாடகைக்கு எடுத்தவற்றையும் பற்றி எழுதுகிறேன்.

முதலில் வாக்கர். மடிக்கக்கூடிய, சக்கரமில்லாத அலுமினிய வாக்கரை அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கியது நான் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று. கடைக்காரர் அதன் கால்களை மிக உயரமாக அமைத்துக் கொடுத்துவிட்டார். அப்படியே நடந்து பழகியிருந்தால் தோள்பட்டை வலி தனியாக வந்திருக்கும். நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர்தான் பொத்தான்களை அழுத்தி மாற்றி அமைத்தார். எங்கள் வீட்டு மொசைக் தரையில் அதன் கால்களின் அடியில் மாட்டிய ரப்பர் புஷ்கள் விரைவிலேயே தேய்ந்து வழுக்கத் தொடங்கின. உதிரி புஷ்கள் மலிவுதான். வாங்கும்போதே ஒரு செட் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஐந்தாம் வாரத்தில் கைத்தடிக்கு மாறியபோது, வலியுள்ள பக்கத்துக் கையிலேயே பிடித்தேன், அது தவறு. வலது காலுக்குச் சிகிச்சை என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.

கழிப்பறைக்கு, பீங்கானின் மேல் திருகிப் பொருத்தி, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பிளாஸ்டிக் உயர்த்தியை முதலில் வாங்கினேன். எங்கள் பீங்கானின் வடிவத்துக்கு அது சரியாக உட்காராமல் ஒரு பக்கம் ஆடியது. ஆடும் இருக்கையில் புதிய மூட்டோடு அமரும் துணிவு எனக்கு வரவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, கைப்பிடிகளும் உயரத்தை மாற்றும் கால்களும் உடைய கமோடு நாற்காலியை வாங்கி, அதன் வாளியை எடுத்துவிட்டுப் பீங்கானுக்கு மேலேயே வைத்துக்கொண்டோம். இரு கைகளாலும் ஊன்றி எழ முடிகிறது. முதல் சில நாள்கள் இரவில் கட்டிலருகே வாளியோடும் பயன்பட்டது. குளிக்கும்போது உட்காரவும் அதுவே உதவியது. வாங்கியவற்றுள் எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஐஸ் பேக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜெல் நிரப்பிய, பட்டை வைத்துக் கட்டக்கூடிய இரண்டு இருந்தால் ஒன்று உறையும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம். துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும்; ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும்.

காலைத் தானே மடக்கி நீட்டும் சி.பி.எம். இயந்திரத்தை நாள் வாடகைக்கு இரண்டு வாரம் எடுத்தோம். அவசியமில்லை என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொல்லியும் என் மகன் கேட்கவில்லை. அம்மாவுக்கு எதுவும் குறையக் கூடாது என்ற பாசம். இயந்திரம் பழுதின்றி இயங்கியது. குறை அதன் வேலையில்தான். கால் அசைகிறதே தவிர, அசைப்பது நாம் அல்ல; தொடையின் முன்புறத் தசை சும்மாவே கிடக்கிறது. முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடிக்கும் எளிய பயிற்சிதான் எனக்கு நடையைத் திருப்பித் தந்தது. அந்த வாடகைக்கு இயன்முறை மருத்துவரை இன்னும் சில நாள்கள் வீட்டுக்கு வரவழைத்திருக்கலாம்.

காசு செலவில்லாமல் கிடைத்த சாதனம், சுருட்டிய பழைய துண்டு. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் கால் முழுவதும் நீளாமல் மடங்கியபடியே இறுகிவிடும் என்பதால் அது கூடாது. துண்டைக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பு செய்த ஏற்பாடுகளும் இவ்வாறு எளியவையே: சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தது, சொத்தைப் பல்லுக்குச் சிகிச்சை முடித்தது, மாடியறையிலிருந்து கீழே படுக்கையை மாற்றியது, மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போட்டது.

குத்துக்காலிட்டுக் கோலம் போடுவதும் சம்மணமிட்டு உண்பதும் இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாசற்கோலத்தை மருமகள் எடுத்துக்கொண்டாள், புள்ளி எண்ணிக்கையை மட்டும் நாற்காலியிலிருந்து நான் சொல்கிறேன். இடது முழங்காலுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. வாக்கருக்குப் புதிய புஷ்களை மாட்டிவிட்டேன். இயந்திரம் வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.