காரைக்குடிக் கடையில் வாங்கிய சிவப்புச் செப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் போன கடையின் பெயரைச் சொல்லவில்லை, ஏன் என்று படித்தால் புரியும்.

உள்ளே மங்குச் சாமான், பித்தளை அண்டா, கழற்றிய நிலைக்கதவு என்று நடக்கவே இடமில்லை. மூலையில், செட்டியார் வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூச்சுப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு சிவப்பு வட்டச் செப்பு, அதாவது மூடி போட்ட மரச் சிமிழ். மூடி முழுக்கச் செதுக்கிய பியோனிப் பூ. "சைனா சாமான் அண்ணே, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும், பன்னிரண்டாயிரம்" என்றார் கடைக்காரர்.

பூ வேலை சைனா பாணிதான், சரி. ஆனால் சீனச் செதுக்கு அரக்கு என்றால் பூச்சின் மேல் பூச்சாக, சிலசமயம் நூறு தடவைக்கு மேல்கூடப் பூசி, காய்ந்த அந்தக் கனத்தையே செதுக்குவார்கள். ஜென் பௌத்த மடங்களை ஒட்டி ஜப்பானுக்கு வந்த இந்தச் சாமான்களைப் பார்த்து அங்கே மரத்தைச் செதுக்கிவிட்டு அப்புறம் அரக்கு பூசினார்கள். அதுதான் காமகுரா-போரி. இரண்டையும் பிரித்துச் சொல்ல உடைந்த இடம் ஒன்று கிடைத்தால் போதும். மூடி விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் மேலே சிவப்பு, கீழே கறுப்பு, உடனே மரத்தின் ரேகை. ஜப்பான்தான்! 1868க்குப் பிறகு புத்தர் சிலை செய்யும் வேலை குறைந்துபோய், சிற்பிகள் தட்டு, செப்பு என்று வீட்டுச் சாமானுக்கு மாறினார்கள், இன்றும் செய்கிறார்கள், அதனால் கடைக்காரர் சொல்லும் வயதுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. காமகுரா வேலையில் பள்ளங்களில் கருமை தங்குவதற்காகவே மாகோமோ என்ற நீர்ப்புல்லிலிருந்து வரும் தூளைத் தூவுவார்கள். அதை அழுக்கு என்று நினைத்து, பித்தளைக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், பாதிப் பூ வெளிறிக் கிடக்கிறது. போதாததற்கு வாசல் வெயிலில் வேறு வைத்திருந்தார்களாம். கேட்டால், "பளபளன்னு இருந்தாத்தான் அண்ணே விக்கும்."

பேரம் பேசி நாலாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தேன். பக்கத்திலிருந்த 'செதுக்கிய' தட்டின் அடியில் அச்சுக் கோடு ஓடியது, பிளாஸ்டிக். திருப்பி எடுக்க மாட்டார்கள், பில்லும் துண்டுச் சீட்டுதான். ஆனால் எதையும் கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்கள், காபியும் வருகிறது. கடைக்கு என் மதிப்பெண், ஐந்துக்கு இரண்டரை.

ஆச்சி அதற்குள் செப்பில் கொட்டைப்பாக்கு போட்டுவிட்டார்கள்.