சுவர் ஓவியமா, குறுங்காடா? வெயிலைக் கேட்டுப் பார்ப்போம்

போன மே மாதம், பிற்பகல் மூன்று மணி. சென்னை கண்ணகி நகரில் மேற்கு பார்த்த ஓவியச் சுவர் ஒன்றில் கை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டேன். கருநீலப் பின்னணி, தோசைக்கல்தான். இரண்டடி தள்ளி, பெயின்ட் உதிர்ந்து பழைய சுண்ணாம்பு தெரிந்த இடத்தில் கையை வைத்திருக்க முடிந்தது.

2020-இல் பொதுச்சுவர்களில் ஓவியம் தீட்டும் ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், சென்னை மாநகராட்சி மூன்றும் சேர்ந்து இந்தக் குடியிருப்பின் சுவர்களை ஓவியமாக்கின. அதே ஆண்டு கோட்டூர்புரத்தில் மாநகராட்சியின் மியாவாக்கி காடு, அதாவது நெருக்கி நட்ட குறுங்காடு, தொடங்கியது. நகரத்துக்கு நல்லது என்று இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். வெப்பம் என்று வந்தால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

ஓவியம் சூட்டைத் தணிக்காது. அடர் நிறமாக இருந்தால் கூட்டவும் செய்யும். பகலில் குடித்த வெயிலைச் சுவர் இரவில் வீட்டுக்குள் விடும். ஆனாலும் அதை அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள், முகவரியைச் சொன்னாலே முகம் சுளிப்பதைப் பார்த்தவர்கள். அவர்கள் ஊரைத் தேடி வெளியாட்கள் வந்தது சின்ன விஷயமல்ல.

காட்டின் கணக்கு வேறு. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறைப்படி மண்ணை மூன்றடி ஆழம் கிளறி, எருவும் உமியும் கலந்து, சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு என்று நாட்டு மரக்கன்றுகளை நெருக்கி நடுகிறார்கள். வெளிச்சத்துக்குப் போட்டியிட்டுக் கன்றுகள் மேலே ஓடுகின்றன. உள்ளே மண் ஈரமாகவும் காற்று குளிர்ந்தும் இருக்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். 2019-இல் ஏரிகள் வறண்டு லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊரில் இது லேசான நிபந்தனையா?

எனக்குள்ள பெரிய குறை வேலிதான். அவ்வளவு நெருக்கமான காட்டுக்குள் யாரும் நடக்க முடியாது. கடலோரப் புழுக்கத்தில் இலைகள் விடும் ஈரத்தால் பெரிய ஆறுதல் இல்லை. தலைக்கு மேல் நிழல்தான் வேண்டும். அதே கோட்டூர்புரத்தில் ‘நிழல்’ என்ற தன்னார்வ அமைப்பு 2006 முதல் வளர்த்த மரப் பூங்காவில் மெதுவாகத்தான் மரம் வந்தது, ஆனால் அதன் அடியில் ஆட்கள் நடக்கிறார்கள். குப்பை கொட்டும் காலி மனைக்கு மியாவாக்கி சரி. பஸ் நிறுத்தத்துக்கு நாலு புங்கன் போதும்.

இந்தப் போட்டியில் யாரும் சேர்க்காத மூன்றாவது ஆள் மொட்டைமாடி. அகமதாபாத்தில் 2017-இல் எளியவர்களின் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். மேல்தளத்து வீட்டுக்காரருக்கு அன்றே பலன், செலவும் குறைவு. கீழிருந்து பார்த்தால் தெரியாது, திறப்பு விழாவுக்கு ஏற்றதல்ல. மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டும் என்பது உண்மையான தொல்லை.

கையில் இருப்பது ஒரு திட்டத்துக்கான பணம் என்றால், கண்ணகி நகரில் முதலில் மாடிக்குச் சுண்ணாம்பு, பிறகு தெருவோரப் புங்கன். ஓவியம் வரட்டும், வடக்குச் சுவரில், வெளிர் நிறத்தில். அன்று நான் பார்த்த கருநீலச் சுவருக்கு எதிரே ஒரே ஒரு வேம்பு. அதன் கீழே ஏழெட்டு வண்டிகள், ஒரு பூக்கடை, ஓவியத்தைப் படம் எடுத்து முடித்த இரண்டு மாணவர்கள்.